பெல்ட் வாங்கலியோ பெல்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவிடம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கைமாத்து கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவா, ஸ்கூல் ஃபீஸா என்று பார்த்தால் இரண்டும் இல்லை. ஏழாவது படிக்கும் அவருடைய பெண்ணுக்குப் பச்சை பெல்ட் டெஸ்ட்டாம். அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார், கான்ட்ராக்டில். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி கிடையாது.

"அடுத்த வாட்டி பாத்துக்கலாமேக்கா" என்றேன்.

"இந்த வாட்டி உட்டா இன்னும் ஆறு மாசம் ஆவும், கூட இருக்கிற புள்ளைங்கல்லாம் மேல போய்டும்னு மாஸ்டர் சொல்றாரு தம்பி."

"காசு கட்டி, பாப்பா ஃபெயில் ஆயிட்டா?"

அக்கா சிரித்துவிட்டார். "அதெல்லாம் யாரும் ஃபெயில் ஆவ மாட்டாங்க தம்பி. இது இன்னா பப்ளிக் எக்ஸாமா?"

மூன்று வாரமாக அந்த பதில்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கராத்தேயைப் பற்றி எதுவுமே தெரியாத அக்காவுக்கு, அந்த டெஸ்ட்டைப் பற்றி முக்கியமான விஷயம் தெரிந்திருக்கிறது. யாரும் ஃபெயில் ஆகமாட்டார்கள். அப்புறம் அதற்கு ஏன் டெஸ்ட் என்று பெயர்?

நானும் ஒன்றும் வெளியாள் இல்லை. இதே காத்திவாக்கத்தில் ஐந்து வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள், வெள்ளை டிரஸ் மாட்டிக்கொண்டு "ஒஸ்" போட்டவன்தான். பிரவுன் பெல்ட் வரைக்கும் போனேன். (எந்த கிளாஸ் என்று கேட்காதீர்கள். மாஸ்டர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.) மாசம் நானூறு ரூபாய். அது போகட்டும், சொல்லிக் கொடுக்கிற மனிதருக்கு அது கூலி. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கிரேடிங் வரும். மஞ்சளுக்கு அறுநூறில் தொடங்கி ஒவ்வொரு கலருக்கும் ஏறிக்கொண்டே போகும். பிளாக் பெல்ட்டுக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். என் கராத்தே வாழ்க்கை அங்கேதான் முடிந்தது. திறமை போதாமல் இல்லை, அப்பாவிடம் பன்னிரண்டாயிரம் இல்லை.

கிரேடிங் நாள் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக. ஒரு கல்யாண மண்டபத்தை அரை நாளுக்கு எடுத்திருப்பார்கள். நாலைந்து ஏரியாவிலிருந்து நூற்றைம்பது பிள்ளைகள். பத்து மணிக்கு என்று சொல்லி பதினொன்றரைக்கு 'சீஃப்' காரில் வந்து இறங்குவார். சால்வை, மாலை, செல்ஃபி. பிறகு இருபது இருபது பேராக நிற்க வைத்து, நாலு பஞ்ச், நாலு பிளாக், ஒரு கட்டா. ஒரு பிள்ளைமேல் அவர் கண் பத்து விநாடி பட்டிருந்தால் அது பெரிய விஷயம். சாயங்காலம் எல்லோருக்கும் பெல்ட், சர்ட்டிஃபிகேட்.

சீனியர் என்பதால் ஒரு தடவை சீஃபின் காரிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி வைக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு பெட்டி திறந்திருந்தது. உள்ளே சர்ட்டிஃபிகேட்டுகள். எல்லாப் பிள்ளைகளின் பெயரும், வாங்கப்போகிற பெல்ட்டின் கலரும், தேதியும், கையெழுத்தும், சீலும் எல்லாம் ரெடி. டெஸ்ட் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதிமூன்று வயசு.

"பாரம்பரியக் கலையை வியாபாரம் ஆக்கிட்டாங்க" என்று வழக்கமாக ஒரு புலம்பல் உண்டு. அந்தப் புலம்பலில் நான் சேரமாட்டேன். ஏனென்றால் பெல்ட் ஒன்றும் ஆயிரம் வருஷப் பாரம்பரியம் இல்லை. ஒகினாவாவில் பழைய ஆசான்கள் காலத்தில் பெல்ட்டே கிடையாது. கியூ, டான் என்ற படிகளைக் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, 1880-களில். கராத்தேயை 1922-ல் தோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி, கானோவைப் பார்த்து அந்த முறையை எடுத்துக்கொண்டு 1924-ல்தான் முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்கிற வானவில் அதற்கும் பிறகு வந்தது. 1930-களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி என்கிற ஜப்பானியர் ஐரோப்பியர்களுக்குப் பொறுமை இல்லை என்று பார்த்து அதைப் பரப்பினார் என்பார்கள். ஆக, கலர் பெல்ட் என்பது ஆரம்பத்திலிருந்தே மாணவனைப் போகவிடாமல் பிடித்து வைக்கிற உத்திதான். அதில் தப்பே இல்லை. வீடியோ கேமில் லெவல் இருப்பது மாதிரி.

குழந்தைகளுக்கு எளிமைப்படுத்துவதும் புதுசு இல்லை. 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன இதோசு என்ற ஆசான் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி ஐந்து கட்டாக்களை அமைத்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் மண்டபத்தில் செய்து காட்டுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான். அதையும் நான் குறை சொல்லவில்லை.

காசு வாங்குவதையும் குறை சொல்லவில்லை. ஃபுனகோஷி பள்ளிக்கூட வாத்தியார். தோக்கியோவில் ஆரம்ப காலத்தில் ஒரு மாணவர் விடுதியில் தங்கி, அங்கேயே கூட்டிப் பெருக்கிப் பிழைப்பை ஓட்டியவர். அதனால் நம்ம ஊர் மாஸ்டரும் அப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல நான் யார்? பிள்ளைகுட்டி உள்ளவர், வாடகை கொடுக்கிறவர்.

என் சண்டை ஒன்றே ஒன்றுதான். ஃபெயில் ஆக முடியாத டெஸ்ட்டை டெஸ்ட் என்று சொல்லி விற்கிறார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் "உன் உடம்புக்கு இது வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். வரவில்லை என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. கணக்கில் முட்டை வாங்கினவனை சென்டம் என்று சொல்லி அனுப்பினால் அவன் அடுத்த வகுப்பில் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். இங்கே எங்கே மாட்டிக்கொள்வான் என்று என் கதையையே சொல்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது, ராத்திரி எட்டு மணி இருக்கும், காத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வருகிறேன். என் வயசு இல்லை, என்னைவிட ஒன்றிரண்டு வயசு பெரிய பையன் ஒருத்தன், தண்ணியில் இருந்தான். "இன்னாடா மொறைக்கிற?" என்றான். நான் முறைக்கவே இல்லை. பளார் என்று ஒரு அறை. ஐந்து வருஷக் கராத்தே. பிரவுன் பெல்ட். ஒரு கை தூக்கவில்லை நான். காது 'ஙொய்ங்' என்றது, கண்ணில் தண்ணீர் வந்தது, கால் நகரவில்லை. அவன் இன்னொன்று போட்டுவிட்டு, போர் அடித்துப்போய், நடந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தபோது புரிந்தது. அதற்கு முன் என் வாழ்க்கையில் யாரும் என்னைத் திட்டமிட்டு அடித்ததே இல்லை. கிளாஸில் காற்றை அடித்தோம். எதிரே நின்றவன், கையை எங்கே நீட்டவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தபடி நீட்டினான், நான் தட்டிவிட்டேன். அறை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெல்ட் இல்லாமல் இருந்திருந்தால் அவன் வாயைத் திறந்தவுடன் ஓடியிருப்பேன். ஓடாமல் நின்றதற்குக் காரணம் அந்த பிரவுன் பெல்ட்தான்!

இதே வடசென்னையில் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது, இருக்கிறது. பாக்ஸிங். 2021-ல் படம் வந்த பிறகு சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றெல்லாம் ஊர் முழுக்கப் பேசினார்கள். அதற்கு முன்னால் ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தாத்தாக்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த கதை. அந்த உலகத்தைப் பொன்னுலகம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் கட்சிச் சண்டை உண்டு, ரவுடித்தனம் உண்டு. ஆடி முடித்துக் கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரு நேர்மை இருந்தது. ரிங்கில் ஏறினால் ஜெயிப்பாய் அல்லது தோற்பாய். தோற்றவனுக்கு தோற்றது தெரியும். வாத்தியாருக்கும் தெரியும், பார்க்க வந்த நாலாயிரம் பேருக்கும் தெரியும். "எல்லாருமே வின்னர்தான்" என்று யாரும் பெல்ட் கட்டி அனுப்பவில்லை.

அந்த அறைக்குப் பிறகு ஒரு நண்பன் கூட்டிப்போய் மூன்று மாதம் ஒரு பாக்ஸிங் கூடத்துக்குப் போனேன். மூன்றாவது வாரமே கிளவுஸ் மாட்டிவிட்டு என்னைவிடச் சின்னப் பையன் ஒருத்தனோடு விட்டார்கள். மூக்கில் மெதுவாக இரண்டு வாங்கினேன். "இப்போ தெரிஞ்சிச்சா, கை கீழ எறங்குனா இன்னா ஆவும்னு?" என்றார் வாத்தியார். தெரிந்தது. ஐந்து வருஷத்தில் வராதது ஐந்து நிமிஷத்தில் வந்தது. சர்ட்டிஃபிகேட் எதுவும் தரவில்லை. :-)

கராத்தேயில் அடி கிடையாதா என்றால், உண்டு. 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களின் எடை கூடிய பிரிவு ஃபைனலில், முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தலையில் விட்ட உதையில் ஈரான் வீரர் மயங்கி விழுந்தார். கட்டுப்பாடு இல்லாமல் உதைத்ததற்காக சவூதிக்காரர் தகுதியிழந்தார். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது கராத்தேயின் கொள்கையாகவே பட்டது: முழு வேகத்தில் அடிக்கத் தெரியவேண்டும், நிறுத்தவும் தெரியவேண்டும். நம் கிளாஸ்களில் இரண்டுமே சொல்லித் தரப்படுவதில்லை.

அதற்குப் பதில் என்ன சொல்லித் தருகிறார்கள்? ஓடு உடைக்க. ஆண்டு விழா என்றால் ஓட்டை அடுக்கி, மேலே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, பத்து வயசுப் பையனை உடைக்க வைப்பது. வயிற்றின்மேல் பைக் ஏற்றுவது. கைதட்டல் பிய்த்துக்கொள்ளும். நான் உள்ளேயிருந்து பார்த்தவன், ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவில் சின்னதாக இடைவெளி விட்டு அடுக்குவார்கள். மேல் ஓடு வளைந்து உடைய இடம் கிடைக்கிறது. அது உடைந்து விழும் வேகம் அடுத்ததை உடைக்க உதவுகிறது. இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கிய பத்து ஓட்டை உடைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். வெய்யிலில் காய்ந்த நல்ல ஓடாகப் பொறுக்குவதும் ஒரு கலை, அதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து வயசுப் பிள்ளையின் விரல் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற முனைகள். அங்கே அடிபட்டால் எலும்பு கோணலாக வளர வாய்ப்புண்டு. ஆண்டு விழாவில் டாக்டர் வேண்டாம், ஒரு ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியாவது நான் பார்த்ததில்லை. போட்டோகிராபர் கட்டாயம் இருப்பார்.

இந்த வித்தை காட்டும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னோடி ஷிஹான் ஹுசைனி. கையின்மேல் வரிசையாகக் கார்களை ஏற்றிக்கொண்டவர். 2015 பிப்ரவரியில் ஜெயலலிதா மறுபடி முதல்வராக வேண்டும் என்று கைகால்களில் ஆணி அடித்துத் தன்னைச் சிலுவையில் அறைந்துகொண்டவர். 2025 மார்ச்சில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். வில்வித்தையை இங்கே வளர்க்க அவர் உழைத்தது உண்மை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் "மாஸ்டர் என்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு கூட்டத்தைத் திகைக்க வைப்பவர்" என்ற பிம்பம் அவர் காலத்தில்தான் நம் மக்கள் மனசில் உறைந்துபோனது. அந்த பிம்பத்தின் மலிவுப் பதிப்புதான் மண்டபத்தில் எரிகிற ஓடு.

சர்ட்டிஃபிகேட்டுக்கு வருவோம். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும், கவர்மென்ட் வேலை கிடைக்கும்" என்பதுதான் அம்மாக்களிடம் வீசப்படும் பெரிய வலை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு நடத்திய போட்டிச் சான்று வேண்டும். கல்யாண மண்டபத்தில் நடந்த 'இன்டர்நேஷனல் ஓப்பன் சாம்பியன்ஷிப்' (வெளிநாட்டு வீரர்கள்: இரண்டு பேர்) கோப்பையை யாரும் சீந்தமாட்டார்கள். பெல்ட் சர்ட்டிஃபிகேட்டைச் சொல்லவே வேண்டாம்.

மேலே இருப்பவர்களின் லட்சணம் இன்னும் அழகு. தேசிய அளவில் இருந்த இந்தியக் கராத்தே சங்கம் கோஷ்டிச் சண்டையில் சிக்கியது. 2020 ஜனவரியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் அதன் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. அதே வருஷம் ஜூனில் உலகக் கராத்தே கூட்டமைப்பும் கைகழுவியது. பிறகு வேறொரு அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. கராத்தே ஒலிம்பிக்கில் நுழைந்த ஒரே தடவை தோக்கியோதான். அங்கே எட்டுப் பிரிவுகளில் ஒன்றில்கூட இந்தியர் இல்லை. 2024 பாரிஸில் கராத்தேயே இல்லை. தெருவுக்குத் தெரு பிளாக் பெல்ட் இருக்கிற நாட்டின் நிலைமை இது. அந்தச் சண்டை நடந்த நாட்களிலும் எங்கள் மண்டபத்தில் கிரேடிங் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மாஸ்டர்மேல் ஏன் கோபமில்லை என்று சொல்கிறேன் என்றேனல்லவா. அவர் பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து சொல்லிக் கொடுத்தவர். ஒருநாள் அவரே சொன்னார்: கிரேடிங் பணத்தில் முக்கால்வாசி மேலே போய்விடும். அவர் மேலே கொடுத்தால்தான் அவருக்கு அடுத்த டான். பிள்ளைகளை ஃபெயில் போட்டால் அடுத்த மாதம் எதிர்த் தெரு கிளாஸுக்குப் போய்விடுவார்கள். எதிர்த் தெருக்காரர் ஒரு வருஷத்தில் பிளாக் பெல்ட் தருகிறார். "நா இன்னாடா பண்ணட்டும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. கீழே இருக்கிற அம்மாவின் கைமாத்து மேலே போகப் போகச் சால்வையாகவும் காராகவும் மாறுகிற ஏணி அது. மாஸ்டர் அதில் கீழிருந்து இரண்டாவது படி.

ஆனால் ஒரு விஷயத்தில் எந்த மாஸ்டருக்கும் என்னால் சலுகை தரமுடியாது. இப்போது இந்தக் கடைக்கு அதிகம் வருவது பெண் பிள்ளைகள். எதற்கு அனுப்புகிறார்கள்? பயத்தில். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஷிப்டு முடிஞ்சி வர ஒம்போது ஆவுது. பாப்பா தனியா இருக்குது. நாலு அடி கத்துக்கினா நல்லதுதானே." அந்தப் பயத்துக்கு விலை வைத்துத்தான் 'பெண்கள் தற்காப்பு' பேனர் கட்டுகிறார்கள். அரசும் இதில் சேர்த்திதான். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி, பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். மூன்று மாதத்தில் என்ன வரும்? ஒழுங்காகச் செய்தால் ஒன்று வரும்: கத்துவது, ஓடுவது, யாரிடம் சொல்வது என்று தெரிவது. அதைச் சொல்லிக் கொடுத்தால் நான் கும்பிடுவேன். வரிசையில் நிற்க வைத்து நூறு பஞ்ச் போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன பிரயோஜனம்?

அனுப்புகிற இடமே பாதுகாப்பா என்று யார் பார்த்தது? தொட்டுத்தான் சொல்லிக் கொடுக்கவேண்டிய கலை இது. இடுப்பைத் திருத்தவேண்டும், காலை நகர்த்தவேண்டும். 2021-ல் இதே சென்னையில் ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் மாணவி கொடுத்த பாலியல் புகாரில் கைதானார். 2018 ஜூலையில் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்று மாடியிலிருந்து ஒரு மாணவியைத் தள்ளிவிட்டார் ஒரு 'பயிற்சியாளர்'. அந்தப் பெண் இறந்துபோனாள். விசாரித்தால் அவருடைய சான்றிதழ்கள் போலி. அது கராத்தே இல்லைதான். ஆனால் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டியவுடன் யாரும் கேள்வி கேட்காமல் பிள்ளைகளை ஒப்படைத்தது அதே நோய். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் கேட்கிறார்கள், டீக்கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கிறார்கள். ஐந்து வருஷத்தில் எங்கள் கிளாஸுக்கு வந்து "நீங்கள் யார்?" என்று கேட்ட ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. பெற்றோரும் கேட்கவில்லை. என் அம்மா அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(தற்காப்பு என்றதும் இன்னொன்று. 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்து உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது எண்ணூர் முழுக்க மூச்சுத் திணறி ஓடியது. ஈரத்துணியை மூக்கில் கட்டவேண்டும், காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓடவேண்டும் என்று இந்த ஊரில் எந்தத் தற்காப்பு வகுப்பும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.)

பெற்றோர்கள் மாஸ்டரிடம் கேட்பதற்கு எனக்குத் தெரிந்து சில கேள்விகள் போதும். போன கிரேடிங்கில் எத்தனை பேர் ஃபெயில்? என் பிள்ளை நிஜமாக ஒருவரோடு மோதிப் பார்த்து எத்தனை நாளாகிறது? கிளாஸ் நடக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? முதல் கேள்விக்கு "யாருமில்லை" என்று பதில் வந்தாலோ, கடைசிக் கேள்விக்கு முகம் மாறினாலோ அடுத்த மாதம் அந்த நானூறை மிச்சம் பிடிக்கலாம். பெண் பிள்ளைகள் இருக்கிற கிளாஸில் ஒரு பெரிய பெண்மணியாவது கூட இருக்கவேண்டும் என்பது கேள்வியே இல்லை, நிபந்தனை.

பணத்தை அம்மா கொடுத்துவிட்டார். பாப்பா பாஸ். சாயங்காலம் பச்சை பெல்ட்டோடு வந்து நின்றது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "என் கையைப் புடிச்சா விடுவிச்சிக்குவியா?" என்று மணிக்கட்டை லேசாகப் பிடித்தேன். இழுத்தது, திருப்பியது, இன்னொரு கையால் என் விரலைப் பிரிக்கப் பார்த்தது. வரவில்லை. "அது எங்களுக்கு ப்ளூ பெல்ட்லதான் வரும்ணா" என்றது.

கட்டை விரல் இருக்கிற பக்கமாக இழுக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை வந்தது. நாலாவது தடவை நான் கெட்டியாகப் பிடித்தேன், வரவில்லை. வராது என்பதையும் சொன்னேன், அப்போது கத்து என்றேன். கத்தியது. அக்கா பயந்துபோய் வெளியே ஓடி வந்தார்.

ஆயிரத்து இருநூறில் ஐந்நூறு திரும்பி வந்திருக்கிறது. மீதி அடுத்த மாதம் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். ப்ளூ பெல்ட் டெஸ்ட் டிசம்பரில், ஆயிரத்து ஐந்நூறாம்.